மத்தளமும் நீச்சற்குளமும்: போர்வீரர் முரளிகாந்த் பேட்கரின் வாழ்க்கையை முன்வைத்து

“இனிமே இவனுக்கு மத்தளம் ஒண்ணுதான் கொறச்சலுங்களா டாக்டரய்யா?”

மணலூர்பேட்டையை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து மகனைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்திருந்த ஒரு தாய் இவ்வாறு கேட்டார். மகனுக்கு முப்பது வயது நிரம்பவில்லை. தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதியில் முதுகெலும்பு முறிந்து, உள்ளிருந்த தண்டுவடம் நசுங்கியிருந்தது. கொப்பூழுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதங்கள் கடந்திருந்தன. பகலில் காட்டு வேலை, கூத்துக் காலத்தில் இரவெல்லாம் தெருக்கூத்துக் குழுவில் மத்தளம் என்று வாழ்ந்தவர் அவர். மீண்டும் நடப்பேனா என்னும் கேள்வியை அவர் முன்பே பலமுறை கேட்டுவிட்டார். நாங்களும் மறைக்காமல் விடை சொல்லியிருந்தோம். அன்று அவர் கேட்டது வேறு. “உக்காந்துதானே அடிக்கிறது. நான் மறுபடி மத்தளம் அடிக்கலாமா?” என்பதே அவர் கேள்வி. அதற்கு நாங்கள் வாய் திறக்குமுன் தாயின் கேள்வி வந்துவிட்டது.

அந்தத் தாயைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. நகைகள் அடகில் இருந்தன. இரவில் இரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து மகனைப் புரட்டிப் படுக்க வைப்பவர் அவர்தாம். அவ்வளவுக்குப் பிறகு மத்தளம் என்ற சொல் அவர் காதில் விளையாட்டாகத்தான் விழும். பொழுதுபோக்கு என்பது எல்லாம் சரியானபின் செய்வது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். முதலில் கால் வரட்டும், பிறகு பாட்டும் ஆட்டமும் என்கிறோம். இந்த வரிசை சரிதானா என்பதைப் பற்றியே இக்கட்டுரை. அதற்கு ஒரு போர்வீரரின் வாழ்க்கையைத் துணைக்கு அழைக்கிறோம்.

முரளிகாந்த் பேட்கர் 1944ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மகாராட்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்துப் பேட் இஸ்லாம்பூரில் பிறந்தவர். இளமையிலேயே மல்யுத்தத்தில் நாட்டம் கொண்டவர். இந்திய இராணுவத்தில் மின்னியல் மற்றும் இயந்திரப் பொறியாளர் பிரிவில் சேர்ந்தார். பழுதுபார்க்கும் கைவினைஞர் பணி. ஓய்வு நேரம் முழுவதும் விளையாட்டு. குத்துச்சண்டையில் தேர்ந்து, 1964இல் டோக்கியோவில் நடந்த பன்னாட்டு இராணுவ விளையாட்டுப் போட்டிக்குச் சென்று வந்தார்.

அடுத்த ஆண்டே பாகிஸ்தானுடன் போர் மூண்டது. அவர் இருந்த முகாம் வான்வழித் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. உடலில் ஒன்பது குண்டுகள் பாய்ந்தன என்றும், அவற்றுள் ஒன்று முதுகெலும்பை ஒட்டி அப்படியே தங்கிவிட்டது என்றும் அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது இருபது. பின்னர் மும்பையிலுள்ள கடற்படை மருத்துவமனையான ஐ.என்.எஸ். அஸ்வினியில் நீண்ட காலம் சிகிச்சை பெற்றார்.

கால்களை நம்பி வாழ்ந்த ஒரு குத்துச்சண்டை வீரருக்குக் கால் போனால் என்ன மிஞ்சும்? அந்த மருத்துவமனையின் உடற்பயிற்சி சிகிச்சையாளர்கள் அவரை நீரில் இறக்கினார்கள். நீந்தும்படி சொன்னது பதக்கத்துக்காக அன்று, சிகிச்சைக்காகவே. கழுத்தளவு நீரில் நிற்கும் உடலுக்கு அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் சுமையாகத் தெரியும். நிலத்தில் பாரமாகக் கிடக்கும் கால்கள் நீரில் மிதக்கும். தோள், முதுகு, புயத் தசைகள் வலுப்பெறும், மூச்சு ஆழமாகும், விறைப்பு கொண்ட தசைகள் வெதுவெதுப்பான நீரில் சற்றே இளகும். இவை நூல்களில் உள்ளவை. நூல்களில் அவ்வளவாக எழுதப்படாத ஒன்றும் உண்டு: பிறர் தூக்காமல், பிறர் தள்ளாமல், தன் விருப்பப்படி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்திற்கு நகரும் அனுபவம், அடிபட்ட நாளிலிருந்து முதன்முறையாக அங்கேதான் ஒருவருக்குக் கிட்டுகிறது.

பேட்கர் நீச்சலோடு நிற்கவில்லை. மேசைப்பந்து ஆடினார். ஈட்டி, குண்டு, வட்டு எறியக் கற்றார். பளு தூக்கினார், அம்பு எய்தார். ஒன்றில் நாட்டம் குறைந்தால் மற்றொன்று என்று தாவியவராகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே காலத்தில் செய்தவராகவே தெரிகிறார். 1968இல் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முறையாகப் பங்கேற்றபோது, மேசைப்பந்துக்காகச் சென்று முதற்சுற்றைக் கடந்தார். பதக்கம் இல்லை. 1970இல் எடின்பரோவில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம், ஈட்டி எறிதலில் வெள்ளி, குண்டு எறிதலில் வெண்கலம்.

பயணத்திற்குப் பணம் வேண்டுமே. கிரிக்கெட் ஆட்டக்காரர் விஜய் மெர்ச்சண்ட் நடத்திவந்த தொண்டு நிறுவனம் அதற்குக் கைகொடுத்தது. 1972 ஆகஸ்டில் மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகருக்குச் சென்றார். ஒலிம்பிக் அவ்வாண்டு மியூனிக்கில் நடைபெறவிருந்தது. மாற்றுத்திறனாளர் போட்டிக்கு அந்நகரில் இடம் கிடைக்கவில்லை. வீரர்கள் தங்கும் குடியிருப்புகளை விற்பனைக்கு மாற்றியமைக்க வேண்டும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்கள் முன்னதாக ஹைடல்பர்க்கில் நடத்தினார்கள். அங்கே 50 மீட்டர் நீச்சலில் கைகளின் வலுவை மட்டும் கொண்டு 37.33 விநாடிகளில் பேட்கர் கரை தொட்டார். அது உலகச் சாதனை. ஒலிம்பிக், மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும், தனிநபர் போட்டியில் இந்தியர் ஒருவர் வென்ற முதல் தங்கம் அது. அபினவ் பிந்த்ரா துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்றது 36 ஆண்டுகள் கழித்து, 2008இல். அதே ஹைடல்பர்க்கில் பேட்கர் ஈட்டி எறிதலிலும், சக்கர நாற்காலியை வளைத்து வளைத்து ஓட்டும் போட்டியிலும் கலந்துகொண்டார்.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பனை எங்கள் நோயாளிகள் அனைவரும் அறிவர். 2016இல் ரியோவில் அவர் உயரம் தாண்டித் தங்கம் வென்ற காட்சி இன்றும் பலருடைய கைப்பேசிகளில் இருக்கிறது. பேட்கரை அறிந்தவர்கள், 2024இல் ‘சந்து சாம்பியன்’ என்னும் இந்தித் திரைப்படம் வரும்வரை, மிகச் சிலர். 1982இல் அர்ஜுனா விருதுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். பத்மஸ்ரீ விருது 2018இல் வந்தது. வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருதை 2025 சனவரியில் பெற்றபோது அவருக்கு வயது எண்பது. இடைப்பட்ட பல்லாண்டுகள் புனேயில் டெல்கோ தொழிற்சாலையில் வேலை பார்த்து, திருமணம் செய்து, குடும்பம் நடத்தி வாழ்ந்தார். எங்களுக்கு அவருடைய பதக்கத்தைக் காட்டிலும் இந்த ஆண்டுகளே வியப்பைத் தருகின்றன. தண்டுவடம் சிதைந்த ஒருவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நலமாக வாழ்வது தானாக நிகழ்வதன்று.

அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் சில மாதங்களிலேயே, தப்பினால் ஓரிரு ஆண்டுகளிலேயே இறந்தனர். அவர்களைக் கொன்றது குண்டு அன்று. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்துக்கு வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு வீரரையும் புரட்டிப் படுக்க வைத்தார். சில இரவுகளில் அது நடக்கிறதா என்று தாமே வந்து பார்த்தார். மணலூர்பேட்டைத் தாய் இன்று செய்வதும் அதுவே. குட்மன் என்ற பெயர் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

புண் ஆறியது, தொற்று குறைந்தது. ஆயினும் வீரர்கள் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்கள். எனவே தச்சு வேலை, கடிகாரம் பழுதுபார்த்தல், தட்டச்சு ஆகியவற்றை மருத்துவமனைக்குள்ளேயே கற்பித்தார் குட்மன். ஒருநாள் சில வீரர்கள் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கைத்தடிகளால் ஒரு வட்டைத் தட்டி விளையாடுவதைக் கண்டார். அங்கிருந்து விளையாட்டு சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று. 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேர் கலந்துகொண்ட அம்பெய்தல் போட்டியை மருத்துவமனைப் புல்வெளியில் நடத்தினார். பேட்கர் சென்ற போட்டிகள் அந்தப் புல்வெளியிலிருந்து வளர்ந்தவையே.

குட்மன் செய்த வரிசையைக் கவனிக்கலாம். நடை வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பேட்கரும் காத்திருக்கவில்லை, விளையாட்டு அவருக்குக் கால்களைத் திருப்பித் தரவும் இல்லை. இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓர் ஊசியில் நடை வரும், ஓர் எண்ணெயில் நரம்பு முளைக்கும் என்ற விளம்பரங்களை நம்பி ஊர் ஊராக அலைந்து, இரண்டு மூன்று ஆண்டுகளையும் இருந்த நிலத்தையும் இழந்தபின் எங்களிடம் வருகிற குடும்பங்கள் உண்டு. அந்த ஆண்டுகளில் நோயாளியின் தோள்கள் இறுகியிருக்கும், புட்டத்தில் குழி விழுந்திருக்கும், பேச்சு குறைந்திருக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். பேட்கரின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, “பார், இவர் செய்யவில்லையா? நீ ஏன் முயல்வதில்லை?” என்று படுக்கையில் இருப்பவரைக் கடிந்துகொள்ளும் உறவினர்களை வார்டில் காண்கிறோம். அருள்கூர்ந்து அவ்வாறு செய்யாதீர்கள். அவர் அடிபடுமுன்பே தேர்ந்த விளையாட்டு வீரர். இராணுவ மருத்துவமனை, பயிற்சியாளர், குளம், பயணச் செலவுக்கு ஒரு புரவலர் எல்லாம் அவருக்கு வாய்த்தன. கழுத்தெலும்பு முறிந்து கைகளும் செயலிழந்த ஒருவரிடம் அவர் கதையை அளவுகோலாகக் காட்டுவது கொடுமை. அடிபட்ட முதல் மாதங்களில் மனச்சோர்வு இயல்பு. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது சோம்பல் அன்று, நோய். எங்களிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு.

மத்தளத்திற்குத் திரும்புவோம்.

அன்று நாங்கள் தாயிடம் பேட்கரைப் பற்றிச் சொன்னோம். குட்மனைப் பற்றியும் சொன்னோம். உட்கார்ந்து வாசிப்பதால் இடுப்புக்கு மேலுள்ள தசைகள் வலுப்படும், கை வலுத்தால் நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தானே மாற முடியும் என்றெல்லாம் விளக்கினோம். தாய் அரைமனதோடு ஒப்புக்கொண்டார். மகன் மகிழ்ந்தார். பங்குனியில் பக்கத்து ஊரில் கூத்து. குழுவினர் வந்து அழைத்துச் சென்று, பின்பாட்டுக்காரர் பலகையில் அமர்த்தி, இடுப்பைத் துண்டால் தூணோடு கட்டினார்கள். விடியும்வரை வாசித்தார். ஊரே பாராட்டியது.

பத்து நாள் கழித்து அவரைக் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். உட்காரும் எலும்பின் மேல், ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக, ஆழமான புண். மரப்பலகையில் எட்டு மணி நேரம் அசையாமல் அமர்ந்ததன் விளைவு. வலி தெரிந்திருந்தால் நெளிந்திருப்பார். வலி தெரியாத உடலுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. வாசிக்கலாம் என்று சொன்ன நாங்கள், எதன்மேல் அமர்ந்து, எவ்வளவு நேரம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை உடலைத் தூக்கி என்பதைச் சொல்லவில்லை. தவறு எங்களுடையது. தாய் எங்களைத் திட்டவில்லை. “நான் அப்பவே சொன்னேன்” என்று மட்டும் சொன்னார். அது திட்டைவிட வலித்தது. புண் ஆறும்வரை மூன்று மாதங்கள் அவர் குப்புறப் படுத்தே கிடக்க நேர்ந்தது.

அந்த மூன்று மாதங்களில்தான் இப்போது எல்லாக் குடும்பங்களிடமும் சொல்பவற்றை நாங்கள் ஒழுங்குபடுத்திக்கொண்டோம். விருப்பமான எதைச் செய்வதாயினும், தையலோ கேரமோ வானொலி பழுதுபார்ப்பதோ, உணர்வற்ற உடல் அமரும் இடம் மெத்தென்றிருக்க வேண்டும். வெறும் பலகை, திண்ணை, மாட்டு வண்டி கூடாது. கால் மணிக்கு ஒரு முறை இரு கைகளையும் ஊன்றி உடலைத் தூக்கவோ, முன்னும் பக்கவாட்டிலும் சாய்ந்து புட்டத்துக்கு ஓய்வு தரவோ வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடமாவது, முடிந்தால் இரண்டு நிமிடம். அன்றிரவே கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை என்றால் அது தொடக்கப் புண். சிவப்பு மறையும்வரை அவ்விடத்தின்மேல் அமரலாகாது. சிறுநீர்க் குழாய் பயன்படுத்துவோர் வெளியூர் செல்லும் நாளிலும் வழக்கமான மணி தவறாமல் வெளியேற்ற வேண்டும். கூச்சத்தால் அடக்கிக்கொள்வதும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சிறுநீரகத்துக்குக் கேடு.

நெஞ்சின் மேற்பகுதியிலோ கழுத்திலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. திடீரென்று மண்டை பிளப்பது போன்ற தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல் ஆகியவை தோன்றினால் இரத்த அழுத்தம் ஆபத்தாக உயர்கிறது என்று பொருள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள். படுக்க வைக்க வேண்டாம்.

நீச்சலைப் பற்றிச் சில இளைஞர்கள் ஆவலோடு கேட்கிறார்கள். சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீந்தப் பழகியவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர். ஆனால் கிணறும் தென்பெண்ணையும் இதற்கு உகந்தவை அல்ல. ஆண்டில் பல மாதங்கள் மணலாகக் கிடக்கும் ஆறு, சாத்தனூர் அணை திறந்தால் எப்படி மாறும் என்பதை 2024 டிசம்பரில் பார்த்தோம். கிணற்றுப் படியின் கல் உணர்வற்ற காலைக் கிழித்தாலும் தெரியாது. பயிற்சியாளர் உள்ள குளத்தில், புண் ஏதும் இல்லாதபோது, மலமும் சிறுநீரும் கழித்தபின், துணையோடு மட்டுமே இறங்கலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் எங்களைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

பேட்கர் தொலைவில் உள்ளவர், இராணுவத்தவர் என்று தோன்றினால், வேலூரைப் பாருங்கள். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு நடக்கும் திறனை இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, 1966இல் வேலூரில் அதற்கென ஒரு நிலையம் தொடங்கக் காரணமானார். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய இராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரிப் பணிக்கான தேர்வின்போது கழுத்தில் அடிபட்டவர்; கைகளையும் கால்களையும் அசைக்க இயலாத நிலையிலேயே அதைக் கட்டினார். இவர்களைப் போல் நிறுவனம் தொடங்குங்கள் என்று யாரிடமும் நாங்கள் சொல்ல மாட்டோம். ஆயினும் மறுவாழ்வு மையங்கள் எட்டும் தொலைவில் உள்ளன என்பதை அறிந்திருப்பது நல்லது. தனித்துவ அடையாள அட்டை, சக்கர நாற்காலி, உதவித்தொகை ஆகியவற்றுக்குக் கள்ளக்குறிச்சியிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். விண்ணப்பத்திற்கு வேண்டிய மருத்துவச் சான்றை எங்களிடம் கேளுங்கள்.

புண் ஆறியபின் அவர் மீண்டும் வந்தார். இம்முறை கேள்வியைத் தாயே கேட்டார்: “எத்தனை மணி நேரம் உக்காரலாம்னு எழுதிக் குடுத்துடுங்க.” எழுதிக் கொடுத்தோம். தொடக்கத்தில் அரை மணி, புண் தோன்றாவிடில் வாரந்தோறும் கால் மணி கூட்டி, அதிக அளவாக இரண்டு மணி நேரம். காற்று நிரப்பிய மெத்தையின் மேல். இடுப்புக்குத் துண்டுக்குப் பதில் அகலமான பட்டை. கூத்தில் அது எப்படி இயலும் என்று கேட்டோம். கட்டியங்காரன் வரவு முடியும்வரை இவர் வாசிப்பதென்றும், பிறகு இன்னொருவர் மத்தளத்தை வாங்கிக்கொள்வதென்றும் குழுவினர் முடிவு செய்திருக்கிறார்கள். நடுவில் உடலைத் தூக்க வேண்டிய நேரத்தைத் தாளக்காரர் பார்த்துக்கொள்கிறார். அவர் கண்காட்டினால் இவர் கையூன்றி எழும்புவார், அந்த இடைவெளியை ஆர்மோனியம் நிரப்பும்.

தை ஐந்தாம் நாள் திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு மணலூர்பேட்டை ஆற்றுக்கு எழுந்தருளும் திருவிழாவுக்குத் தாமும் போகவேண்டும் என்று சென்ற மாதம் கேட்டார். ஆற்று மணலில் சக்கர நாற்காலி உருளாது. கரைவரை வண்டியில் சென்று, அங்கிருந்து நண்பர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொள்வதாகச் சொல்கிறார்கள். மெத்தையை மறக்க வேண்டாம் என்று தாயிடம் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.